ஏறிய வரி அடுப்படிக்கு வந்தது, இறங்கிய வரி எங்கே?

கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள கோவிந்தாபுரம் செக்போஸ்ட் வழியாகத் தேங்காய் லோடு பொள்ளாச்சிக்குப் போகிறது. அங்கேயும் அதற்கு அப்பால் காங்கேயம், வெள்ளகோவில் களங்களிலும் உடைபட்டு, காய்ந்து, கொப்பரையாகி, மில்லில் ஆட்டப்பட்டு, எண்ணெயாக அதே சாலையில் திரும்பி வருகிறது. 2025 ஆடி, ஆவணி மாதங்களில் அப்படித் திரும்பி வந்த எண்ணெய், பிராண்ட் பாக்கெட்டில் லிட்டர் 500 ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு கேரளத்தில் தொழிலுறப்பு என்னும் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 369 ரூபாய். ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று வாங்கிய கூலியை அப்படியே கடையில் வைத்தாலும் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் வராது. தென்னை நிற்கிற ஊரில் அன்றைய நிலைமை இது.

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் முதலமடையில் தமிழ் பேசும் வீடு, மலையாளம் பேசும் வீடு என்று சமையலில் பெரிய வித்தியாசம் கிடையாது. தாளிக்கத் தேங்காய் எண்ணெய், பொரிக்கப் பாமாயில். தேங்காய் எண்ணெய் விலை ஏறும்போது தாளிப்புக்கும் பாமாயிலுக்கே மாறிக்கொள்வது இங்கே கூலி வீடுகள் வெகுகாலமாகச் செய்து வருவது. இந்த முறை மாறிப் போன இடத்திலும் விலை முன்பே ஏறிக் கிடந்தது. அதற்குக் காரணம் மழையோ பூச்சியோ இல்லை. டெல்லியில் போட்ட ஓர் அரசாணை.

2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றுக்கும் இறக்குமதி வரி மொத்தமாக 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக ஏறியது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 13.75லிருந்து 35.75 சதவீதம். நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருவது. அப்படிப்பட்ட பொருள் மீது ஒரே நாளில் 22 சதவீதப் புள்ளி வரி கூடியது. எண்ணெய் வித்து விவசாயிகளைக் காப்பாற்றத்தான் இது என்று அரசு சொன்னது.

இறக்குமதி வரி ஏறினால் மக்கள் வாங்கும் விலை ஏறுமா என்று உலகமே இப்போது விவாதிக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 சதவீதம் வரி விதித்தபோது, அந்த வரியைக் கட்டப்போவது விற்பவரா வாங்குபவரா என்று தொலைக்காட்சிகளில் நாள் கணக்கில் பேசினார்கள். முதலமடை பலசரக்குக் கடையில் நிற்பவருக்கு அது விவாதமே இல்லை. ஆனாலும் 'எல்லாம் வரியால்தான்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் உண்மையான குற்றவாளிகளில் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள். கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கச்சா பாமாயில் துறைமுகத்தில் கிலோ 85 ரூபாய்க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வரியில் அதன் மேல் சுமார் 4 ரூபாய் 70 காசு. புதிய வரியில் 23 ரூபாய்க்கு மேல். வித்தியாசம் கிலோவுக்கு ஏறக்குறைய 19 ரூபாய். 5 சதவீத ஜிஎஸ்டியும் இறக்குமதி வரி சேர்ந்த விலையின் மேல்தான் கணக்கிடப்படும். ஆகவே வரிக்கு மேலும் ஒரு வரி. ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான் என்பதால், லிட்டருக்கு 18 ரூபாய் என்று கொள்ளலாம். மாதம் மூன்று லிட்டர் செலவாகும் வீட்டுக்கு 54 ரூபாய். வருடத்துக்கு ஏறத்தாழ 650 ரூபாய். தொழிலுறப்புக் கூலியில் கிட்டத்தட்ட இரண்டு நாள். மாதச் சம்பளக்காரருக்கு இது கண்ணில் படாத தொகை. மாம்பூ உதிர்ந்து தோப்பு வேலை பாதியாகக் குறைந்த வருடத்தில், கூலிக்காரக் குடும்பம் இதற்காக எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

பாமாயிலோடு மட்டும் இது நிற்பதில்லை. ஓர் எண்ணெய் ஏறினால் பக்கத்து டின்னும் அதோடு ஏறும். 2018 ஜனவரியில் அமெரிக்கா இறக்குமதி சலவை இயந்திரங்களுக்கு வரி போட்டது. இயந்திரம் ஏறத்தாழ 12 சதவீதம் விலை ஏறியது. வரியே போடாத துணி உலர்த்தும் இயந்திரமும், இரண்டும் ஜோடியாக விற்பதால், சேர்ந்து ஏறியது. பிறகு ஆய்வாளர்கள் அதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். எண்ணெய்ச் சந்தையும் அப்படித்தான். பாமாயிலும் சூரியகாந்தியும் மலிவாக இருக்கும்வரை கடலை எண்ணெய்க்காரரும் தேங்காய் எண்ணெய்க்காரரும் விலையை இஷ்டம்போல் ஏற்ற முடியாது. வாங்குகிறவர்கள் விட்டுப் போய்விடுவார்கள். மலிவான எண்ணெயின் விலை உயர்ந்தால் அந்தக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது.

ஆகவே வரி ஏறினால் விலை ஏறும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது பணவீக்கமா?

இங்கேதான் புள்ளிவிவரம் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. இறக்குமதி வரி காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடு முழுவதற்குமான சில்லறைப் பணவீக்கம் 2.07 சதவீதம். செப்டம்பரில் அதைவிடக் குறைவு, 1.54. காய்கறியும் பருப்பும் மலிந்ததால் மொத்தக் கணக்கு கீழே இறங்கியது. அதே மாதங்களில் கேரளத்தின் பணவீக்கம் 9 சதவீதத்தைத் தாண்டி, மாநிலங்களிலேயே முதலிடத்தில் நின்றது. வரி மட்டுமே காரணமென்றால் பீகாரும் 9 சதவீதத்தில் நின்றிருக்க வேண்டும். கேரளத்தைத் தனியாக உயர்த்திய காரணங்களில் முன்னே நிற்பது தேங்காய் எண்ணெய்.

இறக்குமதி வரி விலையை ஒரு படி மேலே தூக்கி வைக்கும். மாதா மாதம் ஏற்றிக்கொண்டே போகாது. பொருளாதாரம் படித்தவர்கள் இதை வைத்துத்தான் 'வரியால் பணவீக்கம் வராது' என்கிறார்கள். அவர்கள் கணக்கில் அது சரி. 2024 செப்டம்பரில் ஏறிய விலை, 2025 செப்டம்பரில் 'போன வருட விலை' ஆகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஏற்றம் குறைவாகத் தெரியும். பணவீக்கம் தணிந்தது என்று செய்தி வரும். தூக்கி வைத்த படியிலிருந்து பாக்கெட் விலை கீழே இறங்கியிருக்காது. கூலியும் அந்தப் படிக்கு ஏறியிருக்காது. அதோடு, விலைவாசிக் குறியீட்டில் எண்ணெய், கொழுப்பு வகைகளுக்குக் கொடுத்திருந்த எடை நூற்றுக்கு 3.56தான். 2025 ஆகஸ்டில் இந்த வகைகளின் விலையேற்றம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தும் மொத்தப் பணவீக்கம் 2 சதவீதமாகவே நின்றதன் விளக்கம் இதுதான். காரும் கைபேசியும் வீட்டு வாடகையும் சேர்ந்த கூடையில் எண்ணெய் சிறியது. அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய் என்று முடிந்துவிடும் வீட்டில் அதே எண்ணெய் பெரியது. இந்த வீடுகளின் பணவீக்கம் தலைப்புச் செய்தியில் தனியாக வருவதில்லை.

தேங்காய் எண்ணெய் ஏன் ஏறியது என்பதை எங்கள் பக்கத்துத் தோப்புகளைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 2016இல், இதோ பக்கத்துப் பொள்ளாச்சியில்தான். மட்டையின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, கீழ்மட்டைகள் கரிப் படலம் பூசியது போலக் கறுத்துவிடும். தெற்கே நூறு வருடத்துக்கு மேலாக இருந்த வேர் வாடல் நோய் மெல்ல மெல்ல இந்தப் பகுதிக்கும் வந்து சேர்ந்தது. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிக்கும் அளவுக்கு வெயில் அடித்தது. பாளை வெடித்துக் காய் முற்ற ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். 2024 கோடையில் கருகிய குரும்பைக்கு 2025இல் காய் இல்லை. மிச்சமிருந்ததிலும் ஒரு பங்கு இளநீராக இறங்கி வடக்கே போனது. எங்கள் சித்தூர்த் தாலுகாவின் மரங்கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் இறக்கிக் கொடுப்பவை. கள் கட்டிய பாளை காய்க்காது. எல்லாம் ஒரே வருடத்தில் கூடி வந்தன.

இந்த இடத்தில் தென்னை விவசாயியின் மேல் பழி போடுவது பெரிய அநியாயம். 2023இல் பச்சைத் தேங்காய் கிலோ 30 ரூபாய்க்கும் கீழே போனபோது, பறிப்புக் கூலி கட்டாமல் காயை மரத்தடியிலேயே விட்டவர்கள் உண்டு. கேரள அரசு 34 ரூபாய் கொள்முதல் விலை என்று அறிவித்திருந்தும், கொள்முதல் மையம் எட்டாத இடத்தில் வியாபாரி சொன்னதே விலை. உரம் வைக்காமல், மட்டை கழிக்காமல் கைவிட்ட தோப்பில்தான் ஈயும் நோயும் தடையில்லாமல் பரவின. அன்று விவசாயியைக் கைவிட்டதன் விலையை 2025இல் எண்ணெய் வாங்கியவர்கள் கொடுத்தார்கள். விலை ஏறியும், காய் இல்லாத மரத்துக்காரருக்கு அதில் என்ன கிடைத்தது?

கேரளத்துக்கும் பாமாயிலுக்கும் இடையிலான வழக்கு பழையது. 2007இல் கொச்சித் துறைமுகம் வழியாகப் பாமாயில் இறக்குவதை மத்திய அரசு தடை செய்தது. பிறகு அந்தத் தடை கேரளத்தின் எல்லாத் துறைமுகங்களுக்கும் நீண்டது. தென்னை விவசாயியைக் காக்க என்று சொன்ன அந்த முடிவை 2015இல் உச்ச நீதிமன்றமும் சரியென்றது. 2009இல் ஆசியான் நாடுகளோடு தாராள வணிக ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அக்டோபர் 2 அன்று அதை எதிர்த்துக் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி கோத்து நின்றார்கள். இறக்குமதி வந்து குவியும் என்ற அந்தப் பயம் வெறும் அரசியல் அல்ல. மலிவுப் பாமாயில் குவிந்த வருடங்களில் கொப்பரை விலை படுத்ததை இந்தப் பக்கத்து விவசாயிகள் அனுபவித்திருக்கிறார்கள். அந்தச் சங்கிலியில் கை கோத்தவர்களின் வீடுகளும் இன்று பாமாயில் வாங்குகின்றன. விளைவிப்பவரும் வாங்குபவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஊர் இது. எனவே வரியே வேண்டாம் என்று இங்கிருந்து யாரும் சொல்ல மாட்டோம்.

சொல்ல வேண்டியது வேறு. வரியால் விவசாயிக்குப் பலன் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். 2024 செப்டம்பர் வரியின் நோக்கமே மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்துச் சோயா விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கச் செய்வதுதான். அந்தப் பருவத்தில் சோயாவுக்கு ஆதார விலை குவிண்டால் 4,892 ரூபாய். வரி ஏறிய பிறகும் அந்தக் குளிர்காலத்தில் மண்டி விலை ஆதார விலைக்குக் கீழேயே கிடந்தது. எண்ணெய் விலை ஏறினாலும் பிண்ணாக்கு விலை சரிந்துவிட்டது. சோயாவில் எண்ணெயைவிடப் பிண்ணாக்குதானே அதிகம். வாங்குகிறவர்கள் கொடுத்தார்கள், விளைவித்தவருக்குக் கிடைக்கவில்லை. இடையில் வரியாக அரசுக்குப் போனது ஒரு பங்கு, பழைய சரக்கை வைத்திருந்தவர்களுக்குப் போனது ஒரு பங்கு.

பழைய சரக்கு விஷயம் கவனிக்க வேண்டியது. வரி ஏறியபோது நாட்டில் சுமார் 30 லட்சம் டன் எண்ணெய் குறைந்த வரியில் வந்து இருப்பில் இருந்தது. ஒன்றரை மாதத் தேவைக்குப் போதும். அது தீரும்வரை விலையை ஏற்றாதீர்கள் என்று மத்திய உணவுத் துறையே கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதுதான், கட்டாயம் இல்லை. கடையில் விலை உடனே ஏறியது. 2025 மே 30இல் கச்சா சமையல் எண்ணெய்களின் அடிப்படை வரி 20லிருந்து 10 சதவீதமாகி, மொத்த வரி 16.5க்கு இறங்கியது. நம் கணக்குப்படி கிலோவுக்கு 9 ரூபாய்க்கு மேல் குறைந்திருக்க வேண்டும். இந்தக் குறைப்பை மக்களுக்குக் கொடுங்கள், அதிகபட்ச விலையை மாற்றுங்கள் என்று ஜூன் மாதம் மறுபடி ஓர் அறிவுரை போனது. ஏறும்போது 'புது வரி வந்துவிட்டது' என்று சொன்ன பாக்கெட், இறங்கும்போது 'பழைய சரக்கு இன்னும் தீரவில்லை' என்றது. இரண்டு பக்கமும் நஷ்டம் வாங்குகிறவர்களுக்கே.

இன்னொன்றையும் நம் பெண்கள் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். பார்க்க லிட்டர் பாக்கெட் மாதிரியே இருக்கும். எடையைப் படித்தால் 850 கிராம், சிலதில் அதற்கும் கீழே. விலை ஏறாதது போலத் தோன்றும், எண்ணெய் குறைந்திருக்கும். ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்பதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைப் பொடி எழுத்தில் மடிப்புக்குள் போட்டால் யாருக்கு உதவும்?

மலிவு எண்ணெய்க்கும் விலை உயர்ந்த எண்ணெய்க்கும் இடைவெளி பெருகும்போது கலப்படக்காரருக்குக் கொண்டாட்டம். 2018 டிசம்பரில் மட்டும் 74 தேங்காய் எண்ணெய் பிராண்டுகளைக் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை தடை செய்தது. அப்போது எண்ணெய் விலை 2025இன் விலையைவிட மிகக் குறைவு. 2025இல் 400, 500 என்று நின்றபோது, 'ஆட்டிய எண்ணெய்' என்று சொல்லி மிக மலிவாக விற்கும் பெயரில்லாத டின்களைச் சோதிக்கிறவர்கள் எல்லையோரச் சந்தைகளுக்கு எத்தனை முறை வந்தார்கள்? கூலி வீட்டுக் குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதும் இதில் அடக்கம்.

மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் கதை வேறு. அங்கே தமிழ்த் தொழிலாளிகள் வேலை செய்யும் ஏலம், மிளகுத் தோட்டங்களுக்கு இறக்குமதிதான் பயம். வியட்நாம் மிளகு இலங்கை வழியாகச் சலுகை வரியில் நுழைகிறது என்ற புகாரின் பேரில், 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகு நாட்டுக்குள் வரக்கூடாது என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். அது தேவை என்றே சொல்வேன். ஒரு வீட்டுக்கு மாதம் மிளகு ஐம்பது கிராம் போதும். அதன் விலை ஏறி யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. காப்பாற்றப்படுவதோ ஒரு மலை மாவட்டத்தின் பிழைப்பு. வரி நல்லதா கெட்டதா என்பது எந்தப் பொருள், எந்த வீடு என்பதைப் பொறுத்தது. எண்ணெய் தினமும் அடுப்பில் வேண்டிய பொருள். அதன்மேல் வரி போடும் அரசு, அதைத் தாங்க முடியாத வீட்டுக்கு என்ன செய்வது என்பதையும் அதே ஆணையில் சொல்லியாக வேண்டும்.

சொல்லலாம் என்பதற்குச் சாட்சி தூரத்தில் இல்லை. செக்போஸ்ட்டைத் தாண்டி அம்பராம்பாளையம் பக்கம் போனால், அங்கே ரேஷன் அட்டை வைத்திருக்கிற குடும்பத்துக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய், ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய். 2007இல் தமிழ்நாடு தொடங்கிய சிறப்புப் பொது விநியோகம் இது. சரக்கு தட்டுப்படும் மாதங்கள் உண்டு. அட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை நடக்க வேண்டியும் வரும். ஆனாலும் டெல்லி வரியை ஏற்றியபோது அந்த ஒரு லிட்டரின் விலை 25 ரூபாயாகவே நின்றது. கூடுதல் செலவை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. சாலையில் ஒரு செக்போஸ்ட்தான் நடுவில். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை வாழ்க்கைப்பட்ட குடும்பங்கள் இங்கே நிறைய. தங்கை வீட்டில் அந்த லிட்டர் உண்டு. அக்கா வீட்டு ரேஷன் கடையில் மாதா மாதம் எண்ணெய் என்பதே இல்லை.

கேரளத்தில் சப்ளைகோ என்னும் அரசு சிவில் சப்ளைஸ் கழகம் இருக்கிறது. 13 பொருள்களை மானிய விலையில் தருகிறது. அதில் தேங்காய் எண்ணெயும் உண்டு. 2025 ஓணத்தையொட்டி வெளிச்சந்தையை விடக் குறைத்துக் கொடுத்து விலையை ஓரளவு பிடித்தும் காட்டினார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் சப்ளைகோவின் மாவேலி ஸ்டோர் ரேஷன் கடையைப் போல ஒவ்வொரு மூலையிலும் இல்லை. பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று, 'எண்ணெய் தீர்ந்துபோச்சு, அடுத்த லோடு வரட்டும்' என்று கேட்டுத் திரும்பினால் அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. ஓணம் முடிந்தாலும் அடுப்பு எரியத்தானே வேண்டும்.

கேரள அரசிடம் எங்கள் முதல் கோரிக்கை, ஏழைகளுக்கான மஞ்சள், பிங்க் அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்காவது மாதம் ஒரு லிட்டர் சமையல் எண்ணெயை ரேஷன் கடை வழியாகவே, நிலையான விலையில் கொடுக்க வேண்டும் என்பது. தேங்காய் எண்ணெய் முடியாத மாதத்தில் பாமாயில் கொடுத்தாலும் போதும். பக்கத்து மாநிலம் 2007 முதல் செய்வதை, நாட்டுக்கே ரேஷனில் வழிகாட்டிய கேரளம் செய்ய முடியாது என்பதை ஏற்க முடியாது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை டெல்லிக்குத் திருப்ப வேண்டும். கச்சா சமையல் எண்ணெய் மீதான 16.5 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால், 10 சதவீதம் அடிப்படை வரி, 5 சதவீதம் வேளாண் கட்டமைப்பு செஸ், மிச்சம் 1.5 சமூக நலக் கூடுதல் வரி. அடிப்படை வரியில் மட்டும்தான் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. செஸ்ஸும் கூடுதல் வரியும் பங்கு பிரிக்கும் கணக்கிலேயே வராது. முழுக்க மத்திய அரசுக்கு. சமூக நலம் என்ற பெயரில் எண்ணெய் மீது வசூலிக்கும் பணம், எண்ணெய் வாங்க முடியாத வீட்டுக்கு எண்ணெயாகத் திரும்பி வருவதைவிட நியாயமான சமூக நலம் எது? மக்களவையில் கேரளத்தின் இருபது உறுப்பினர்களும் தமிழ்நாட்டின் முப்பத்தொன்பது உறுப்பினர்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி இது.

மத்திய அரசு வரியை ஏற்றினால் எந்தத் தேதியில் மறுபரிசீலனை என்பதையும் அந்த ஆணையிலேயே எழுதட்டும். இறக்கினால், எத்தனை நாளுக்குள் அச்சிட்ட விலை மாற வேண்டும் என்பதை அறிவுரையாக இல்லாமல் உத்தரவாகப் போடட்டும். துறைமுகத்தில் இறங்கிய விலை, வரி, ஆலை விலை, கடை விலை நான்கையும் வாரம் ஒரு முறை ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் எழுதி ஒட்டினால் யார் எங்கே வைத்துக்கொண்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பலகை எங்கள் ஊரில் தமிழிலும் இருக்க வேண்டும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த 1969ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. மலையாளம் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத தாய்மார் இங்கே எத்தனையோ பேர். அவர்கள் வாசிக்க முடியாத விலைப் பலகை அவர்களுக்கு இல்லாததற்குச் சமம்.

தென்னைக்கும் சேர்த்தே கேட்கிறோம். கிருஷி பவன் என்னும் வேளாண் அலுவலகம் வழியாக நோய் தாங்கும் நாற்று. பட்டுப்போன மரத்தை வெட்டி அகற்ற உதவி. வெள்ளை ஈக்கு இயற்கை எதிரிப் பூச்சிகளைப் பஞ்சாயத்து முழுவதும் ஒரே சமயத்தில் விடும் ஏற்பாடு. தனித்தனித் தோப்பாக மருந்தடித்தால் ஈ பக்கத்துத் தோப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். மாந்தோப்புகளில் மருந்தை வாரி அடித்ததன் விளைவை முதலமடை ஏற்கனவே பட்டுத் தெரிந்துகொண்டது. தென்னையிலும் அந்த வழி வேண்டாம். புதிதாக நட்ட கன்று பலன் தர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். இன்றைக்கு நட்டால்தான் அதற்குள் விலை இறங்க வழி பிறக்கும். கூடவே, இங்கேயே ஒரு கூட்டுறவு உலர்த்தியும் செக்கும் அமைத்தால், காய் காங்கேயம் போய் எண்ணெயாகத் திரும்பும் லாரி வாடகையும் இடைத்தரகும் மிச்சமாகும். குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமார் அதை நடத்துவார்கள். அவர்கள் கேட்பது முதலும் கட்டடமும் மட்டும்தான்.

இடைக்காலத்தில் தேங்காய் எண்ணெய் இறக்குமதியைத் திறந்துவிடலாமே என்று ஒரு குரல் எழுகிறது. வெளிநாட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு இப்போது 100 சதவீதம் வரி. அதை மொத்தமாக எடுத்துவிட்டால் இரண்டு வருடத்தில் 2023 திரும்பி வந்துவிடும். காய் மறுபடி மரத்தடியில் கிடக்கும். தட்டுப்பாடு உள்ள மாதங்களுக்கு மட்டும், அளவு குறித்து, அரசு நிறுவனம் ஒன்றே வாங்கி ரேஷனுக்கு மட்டும் கொடுப்பதானால் அதை எதிர்க்க மாட்டேன். வெளிச்சந்தைக்கு ஒரு சொட்டும் போகக்கூடாது. கொப்பரை விலை ஆதார விலையை நெருங்கும் அன்றே கதவை மூட வேண்டும். ஆதார விலை என்ன என்பதை அரசே வருடா வருடம் அறிவிக்கிறது. 2025 பருவத்துக்கு ஆலைக் கொப்பரை குவிண்டால் 11,582 ரூபாய். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று சொல்ல அந்த ஓர் எண் போதும்.

எங்கள் பஞ்சாயத்தின் ஒரு மூலையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பரம்பிக்குளம் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கே வண்டியில் போக, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக மலையேறிச் சுற்ற வேண்டும். காடர், மலசர் பழங்குடிக் குடும்பங்கள் வாழும் ஊர்களுக்கு எந்தப் பாக்கெட்டும் அந்தச் சுற்றுவழிச் செலவைச் சேர்த்துக்கொண்டுதான் போகிறது. டெல்லியில் ஏறிய வரி, பொள்ளாச்சி மொத்தக் கடை லாபம், மலை வண்டி வாடகை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மிகக் குறைந்த வருமானமுள்ளவர்கள் கையில் மிக உயர்ந்த விலையாக முடிகிறது. சப்ளைகோவிடம் நடமாடும் மாவேலி வண்டிகள் இருக்கின்றன. மாதம் இரண்டு நடை, தேதி சொல்லி, எண்ணெயும் பருப்பும் ஏற்றி அந்த மலைக்கு அனுப்ப மந்திரிசபைக் கூட்டம் தேவையில்லை. அதிகாரிகள் மட்டத்தில் ஓர் உத்தரவு போதும். அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கையை முதலில் எழுதி, கையெழுத்து வாங்கி, பாலக்காடு கலெக்டரேட்டில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.